ஆறாம் மாடி அண்ணிக்கு

மார்ச் 4

இரண்டாம் மாடி கதாசிரியை அவர்களுக்கு,

செல்லப் பெயர் சொல்லி எழுத இப்போது மனம் வரவில்லை. கோபம் வந்தால் நான் அலுவலக பாஷைக்குப் போய்விடுவேன் என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதானே அதையும் தொடரில் வைத்திருக்கிறாய்.

ஒரே ஆபீஸ் கட்டடத்தில் நாலு மாடி இடைவெளியில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் நான் பேசியது அடுத்த வாரம் டிவியில் வருகிறது. சாப்பாட்டு மேசையில் பேசினாலும் வருகிறது. எழுதிக் கொடுத்தால் என்னிடம் ஒரு நகல் இருக்கும். அதிலிருந்து ஒரு வரி உன் 'நீள்வட்ட மேசை' தொடரில் வரட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன். உன் அண்ணன்தான் தபால்காரர். வழியில் பிரித்துப் படிப்பார், படிக்கட்டும். நாள் முழுக்க ஊரார் பல்லைப் பார்க்கிற மனுஷருக்கு ஒரு மாறுதலாக இருக்கும்.

அரசு ஒளிபரப்பு நிலையத்தின் அதிகாரிகளைக் கிண்டல் செய்கிற தொடரை அதே நிலையம் தயாரித்து ஒளிபரப்புகிறது, எங்கள் பெருந்தன்மையைப் பாருங்கள் என்று பத்திரிகைக்காரர்களிடம் பீற்றிக்கொண்டவள் நான். அதில் 'மேடம்' என்று ஒருத்தி வருவாள் என்று அப்போது தெரியாது. கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு மேசை முழுக்கத் தேடுகிறாள். நாலு நிறத்தில் பேனா வைத்திருக்கிறாள். யார் என்ன கேட்டாலும் "பாக்கலாம், பாக்கலாம்" என்கிறாள். இவளை நீ எந்த ஊரில் கண்டெடுத்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

நேற்றுக் கூட்டத்தில் ஒலிப்பிரிவுத் தலைவர் புது மைக் வேண்டும் என்றார். நான் வழக்கம்போல் "பாக்கலாம்" என்றேன். எதிர் வரிசையில் ஒருவர் உடனே குனிந்து ஷூ கயிறு கட்டப் போனார். அவர் போட்டிருந்தது செருப்பு. மேசைக்கு அடியில் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அவமானமாக இருந்தது. இத்தனை வருடம் கட்டிவைத்த மரியாதையை நீ ஒரு வெள்ளிக்கிழமை அரை மணி நேரத்தில் கரைத்துவிட்டாய்.

இனி ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வர வேண்டாம். உனக்கென்று எதுவும் எடுத்துவைக்க மாட்டேன்.

நிகழ்ச்சி ஒருங்கிணைப்புத் துணை இயக்குநர்
(உன் அண்ணன் மனைவி)


மார்ச் 7

அண்ணி,

நீங்கள் பதவியைப் போட்டாலும் நான் உறவைத்தான் போடுவேன். முதலில் ஒன்று: அந்த ஷூ கயிறு விஷயம் பிரமாதம். தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டுத் தொடாமல் இருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

'பாக்கலாம்' உங்கள் சொத்து இல்லை. நம் கட்டடத்தில் கேன்டீன்காரரிடம் இன்னொரு டீ கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார். லிப்டுக்கு வாய் இருந்தால் அதுவும் சொல்லும். கண்ணாடி உங்களுடையதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் மேடம்தான் தொடரிலேயே எல்லோருக்கும் பிடித்த ஆள். அவளைப் பார்க்க மட்டும் டிவி போடுகிறோம் என்று எழுதுகிறார்கள். நான் வெறுக்கிற ஆளை எனக்கு அப்படி எழுத வராது.

இப்போது வேலை விஷயம். புதுத் தலைமை இயக்குநர், நம் பிஸ்கட் சார், தொடரை நிறுத்தப் பார்க்கிறார் என்று இரண்டாம் மாடி முழுக்கப் பேச்சு. பிஸ்கட் கம்பெனியை நடத்தியவருக்கு எல்லாம் ஒரே அளவில், ஒரே சூட்டில் வெந்து வர வேண்டும். நாங்கள் ஓரம் கருகினவர்கள். செட் போடக் காசில்லை என்று அவர் கைவிரித்த பிறகு, உங்கள் ஆறாம் மாடி கூட்ட அறையில்தானே சனிக்கிழமைகளில் படம் எடுக்கிறோம். அதற்கு அனுமதி தந்தது நீங்கள். கோபத்தில் அதை ரத்து செய்துவிடாதீர்கள்.

அண்ணி, இத்தனை வருடம் அடுத்தவர் நிகழ்ச்சிக்கு முன்னுரையும் முடிவுரையும் எழுதியவள் நான். என் பெயர் போட்டு வருகிற முதல் தொடர் இது. இது நின்றுபோனால் எனக்கு இங்கே இன்னொரு தொடர் தர மாட்டார்கள். உங்களுக்கு அது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன். ஆனால் பசிக்கும்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 11

கதாசிரியைக்கு,

கொடுத்த அனுமதியைக் கோபத்தில் பிடுங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. அறை உங்களுக்குத்தான். ஆனால் நாற்காலிகளின் வரிசையை மாற்றக்கூடாது. என் தண்ணீர்க் குவளையை அந்த நடிகை தொடக்கூடாது. வெளிக்கதவில் 'படப்பிடிப்பு நடக்கிறது' என்று பலகை மாட்ட வேண்டும்.

பேச்சு உண்மைதான். நிறுத்தலாமா என்று அவர் என்னிடம் கருத்துக் கேட்டார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதை உன் பார்வையாளர்களிடமே கேட்டுக்கொள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை. உன் மேடம் எந்தக் கூட்டத்திலும் ஒரு முடிவும் எடுப்பதில்லை. அதற்குத்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள். அவள் ஏன் எடுப்பதில்லை என்று நீ ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லையே. என் வீட்டில் எத்தனை வருடம் சாப்பிட்டாய், கேட்டிருக்கலாம். கண்ணாடி தலையில் இருப்பதைப் பார்த்தவளுக்கு, அதற்குக் கீழே ஒரு தலை இருப்பது தெரியவில்லை.

து. இ. (நி. ஒ.)


மார்ச் 16

அண்ணி,

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். அண்ணனிடம் கொடுக்கும்போது சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் பல் வலியா என்று கேட்டார்.

நேற்று உங்கள் கூட்ட அறையில் படப்பிடிப்பு. நாற்காலி அசையவில்லை, குவளை அலமாரியில், பலகை வெளிக்கதவில். எல்லாம் நீங்கள் சொன்னபடி. காட்சியும் சாதாரணமானது. பத்துப் பன்னிரண்டு அதிகாரிகள் கோப்புகளோடு உட்கார்ந்து ஒரு விஷயத்துக்குக் கை தூக்க வேண்டும். கேமராவை ஓடவிட்டோம்.

பிஸ்கட் சார் அறையிலிருந்து கூட்ட அறைக்குள் நேராக ஒரு கதவு இருக்கிறதே, அதில் பலகை மாட்ட உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்தக் கதவு திறந்தது. ஏதோ எடுக்க ஆபீசுக்கு வந்தவர், உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். கேமராவைப் பார்த்தாவது புரிந்திருக்க வேண்டாமா? எப்படிப் புரியும்? வந்த வாரமே, எந்தக் கூட்டமானாலும் விளக்குப் போட்டுப் படம் பிடிக்கணும், என் தலைமையில்தான் நடக்கணும் என்று உத்தரவு போட்டவர் அவர். கேமரா இல்லாமல் இருந்திருந்தால்தான் சந்தேகம் வந்திருக்கும். நிலையத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றே தெரியாதவருக்கு, கூட்டத்திலும் தன் பேச்சைத் தவிர எதையும் கவனிக்காதவருக்கு, முகம் எப்படித் தெரியும்?

"என்னை விட்டுட்டு ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். தலைமை இயக்குநராக நடிப்பவர் பாவம், எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டார். எங்கள் இயக்குநருக்கு 'கட்' என்று சொல்ல வாய் வரவில்லை. நான் திரைச்சீலைக்குப் பின்னால். நடிகர்கள் எல்லோரும் மேடையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். கட் சொல்லாதவரை நடிப்பை விடமாட்டார்கள்.

அவர் நேராக நம் தொடர் விஷயத்துக்கு வந்தார். நம்மை நாமே கேவலப்படுத்திக்கொள்ள வேண்டுமா என்று பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். நிதி அதிகாரியாக வருகிறவரிடம் கருத்துக் கேட்டார். அவர், செலவுக் கோணத்தில் பார்த்தால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று என் பழைய வசனத்தையே எடுத்துவிட்டார். பிஸ்கட் சார் தலையாட்டி, குறித்துக்கொண்டார். கடைசியில் மேடத்திடம் திரும்பினார். அவள் தலைமேல் கண்ணாடியோடு மேசையைத் துழாவிக்கொண்டே, "பாக்கலாம் சார், பாக்கலாம்" என்றாள்.

அண்ணி, நான் வாயில் திரைச்சீலையை அடைத்துக்கொண்டேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பாக்கிறதெல்லாம் வேண்டாம். அடுத்த மாசத்தோட நிறுத்தறோம். ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். காட்சியிலும் கை தூக்க வேண்டியதுதானே, எல்லோரும் தூக்கினார்கள். தங்கள் பிழைப்பில் தாங்களே மண்ணைப் போட்டுக்கொண்டார்கள், ஒருவர் பாக்கியில்லாமல். கூட்டத்தின் மினிட்ஸ் எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு அதே கதவு வழியாகப் போய்விட்டார்.

இப்போது எங்களிடம் முழுப் பதிவும் இருக்கிறது. தெளிவாக, நல்ல வெளிச்சத்தில். எப்படியும் நிறுத்தப்போகிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை இதையே ஒளிபரப்பிவிடலாம் என்று இருக்கிறோம். ஊரே வயிறு வலிக்கச் சிரிக்கட்டும். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. டிவி முன்னால் இருங்கள் என்று சொல்கிறேன்.

நாத்தனார்


மார்ச் 17

நாத்தனாருக்கு,

ஒளிபரப்பாதே. முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

நீ அதைப் போட்டால் வெள்ளிக்கிழமை ராணி, சனிக்கிழமை வீட்டில். அவமானப்பட்ட மனிதனுக்கு இழக்க ஒன்றுமில்லை. ஒரே கையெழுத்தில் உன்னையும், கை தூக்கினவர்களையும், விளக்குப் பிடித்தவரையும் வெளியே அனுப்புவார். அவமானப்படப் போகிறோமோ என்று பயப்படுகிற மனிதன் வேறு. அவரோடு வருடக்கணக்கில் வேலை பார்க்கலாம்.

எங்கள் நடைமுறை உனக்குக் கிண்டல், அதனால் முழுதாகப் படித்திருக்க மாட்டாய். ஓடிக்கொண்டிருக்கிற நிகழ்ச்சியை நிறுத்த, தலைமை இயக்குநர் ஒருவரால் முடியாது, கூட்டத்தின் தீர்மானம் வேண்டும். மினிட்சில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் தீர்மானத்துக்கு உயிர். கையெழுத்தானதும் யார் யார் கலந்துகொண்டார்கள், என்ன உத்தியோகம் என்ற பட்டியலோடு எல்லாப் பிரிவுக்கும், மேலே அமைச்சகத்துக்கும் போகும். சரி, அதை விட்டுவிட்டு வேறு கூட்டம் கூட்டலாமே என்பாய். அடுத்த கூட்டத்தின் முதல் வேலையே முந்தைய கூட்டத்தின் மினிட்சை வாசிப்பது.

அவர் மினிட்ஸ் கேட்டார் அல்லவா, நான் எழுதுகிறேன். ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல். கலந்துகொண்டவர்கள் பெயர், எதிரே உத்தியோகம்: மேடை நடிகர், மேடை நடிகை, பகுதிநேர வில்லன். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நீ கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிறேன். எனக்கு மேலே எத்தனையோ பேர் வந்து போனார்கள். ஒருவர் காது கேளாதோருக்கான செய்தியை நிறுத்தச் சொன்னார். "பாக்கலாம் சார்" என்றேன். இன்னொருவர் குழந்தைகளின் அறிவியல் நிகழ்ச்சிக்குப் பதிலாக நகை விளம்பரம் போடச் சொன்னார். "பாக்கலாம்" என்றேன். அவர்கள் மாற்றலாகிப் போனார்கள், நிகழ்ச்சிகள் இருக்கின்றன. முடியாது என்று நான் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் என்னைத் தூக்கிவிட்டு, முடியும் என்கிறவரை உட்கார வைத்திருப்பார்கள். உன் தொடரும் இதுவரை அந்த ஒரு வார்த்தையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பதிவை அண்ணனிடம் கொடுத்தனுப்பு. நகல் எடுத்திருந்தால் அதையும். க்ளினிக்கில் பல் அச்சுகள் வைக்கிற பெட்டியில் போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். அதைத் திறந்து பார்க்க யாருக்கும் ஆசை வராது.

அண்ணி


மார்ச் 18

அண்ணி,

கொடுத்தனுப்பிவிட்டேன். நகலையும்தான். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்தது போல இருக்கிறது. எங்கள் இயக்குநர் என்னோடு பேசவில்லை. பகுதிநேர வில்லன், தன்னை முழுநேரம் என்று போடச் சொல்கிறார்.

ஆனால் அண்ணன் ஒன்று சொன்னார். நிகழ்ச்சி இயக்குநர் நாற்காலி அடுத்த வாரம் காலியாகிறது, முறைப்படி அது உங்களுக்கு வர வேண்டியது, கையெழுத்துப் போட வேண்டியவர் பிஸ்கட் சார். அந்த மனுஷர் முன்னால்தானா நீங்கள் இந்தக் காகிதத்தை நீட்டப் போகிறீர்கள்?

வேண்டாம் அண்ணி. எனக்காக அந்த நாற்காலியை விடாதீர்கள். உங்கள் பேச்சு, உங்கள் கண்ணாடி எல்லாம் எடுத்தேன். நாற்காலியையும் எடுத்தேன் என்று இருக்கக்கூடாது. தொடர் போனால் போகட்டும், நான் திரும்பவும் முன்னுரை எழுதுகிறேன். அந்தக் காகிதத்தை மேசைக்குள் வைத்துவிடுங்கள்.

இதற்கு மட்டும் 'பாக்கலாம்' என்று எழுதாதீர்கள்.

நாத்தனார்


மார்ச் 28

வாலுக்கு,

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். படித்துவிட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

முதலில் தீர்மானத்தைப் படித்துத் திருப்தியாகச் சிரித்தார். பேனாவைத் திறந்தார். அப்புறம் பக்கத்தைத் திருப்பினார்.

"இவங்கெல்லாம் யாரு?"

"சனிக்கிழமை உங்க கூட்டத்துல இருந்தவங்க சார்."

"நடிகர்னு போட்டிருக்கு?"

"நடிகர்கள்தான் சார். நம்ம தொடர்ல நடிக்கிறவங்க."

மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பரிதாபமாக இருந்தது. பிறகு எழுந்து நின்று கத்த ஆரம்பித்தார். யார் விட்டது, யார் அனுமதி கொடுத்தது, எல்லோரையும் தொலைத்துவிடுவேன் என்றார். அனுமதிக் கடிதத்தைக் காட்டலாம் என்று நான் கண்ணாடியைத் தேடினேன். பையில் தேடினேன், கோப்புக்கு அடியில் தேடினேன். தலையிலிருந்து எடுத்து மாட்டும்போது அவர் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடித்திருந்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட்டா?" என்றார்.

"தீர்மானம் அமலுக்கு வந்துடும் சார். பட்டியலோட எல்லாருக்கும் அனுப்பிடுவேன்."

"போடலேன்னா?"

"தொடர் பாட்டுக்கு ஓடும் சார்."

பேனாவை மூடினார். ஜன்னலைப் பார்த்தார். கடைசியில், "பாக்கலாம்" என்றார்.

வாலு, நான் இருபது வருடம் சொன்ன வார்த்தையை முதல் தடவையாக எனக்கு ஒருத்தர் சொன்னார். வெளியே வந்து லிப்டில் தனியாக இறங்கும்போது சத்தம் போட்டுச் சிரித்தேன். இரண்டாம் மாடியில் கதவு திறந்தது, நீ இல்லை.

நாற்காலி எனக்கு வரவில்லை. நேற்று உத்தரவு வந்தது, அவருடைய பழைய கம்பெனியிலிருந்து ஒருவர் வருகிறார். எனக்கு வருத்தம்தான். பெரிய மனுஷி மாதிரி, வருத்தமில்லை என்று எழுத மாட்டேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உன் அண்ணன் கதவுக்கு வெளியே நின்று ஏதோ பல் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் நீ வேண்டாம் என்று எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் அதிகமாக அழுதிருப்பேன்.

ஒரு வேடிக்கை. அந்த மினிட்ஸ் கையெழுத்தாகாமல் கிடப்பதால் யாரும் அடுத்த கூட்டத்தைக் கூட்டத் துணியவில்லை. ஆறாம் மாடியில் இப்போது எல்லோரும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஒலிப்பிரிவுக்குப் புது மைக் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வா. எடுத்துவைக்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 19

அண்ணி,

ஞாயிறுதோறும் வந்து சாப்பிட்டுக்கொண்டே இதை ஏன் கடிதத்தில் எழுதுகிறேன் என்றால், உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை. யாரும் நிறுத்தாமல், திட்டமிட்டபடியே முடிகிற தொடரின் கடைசிப் பகுதி வசனப் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் படித்துச் சரி என்றால்தான் எடுப்போம்.

கூட்டத்துக்குள் தவறி நுழைந்த தலைமை இயக்குநரை நான் தொடவில்லை. அது பல் பெட்டியிலேயே இருக்கட்டும். இதில் மேடத்துக்குப் பெரிய நாற்காலி கிடைக்காமல் போகிறது. அவள் திரும்பித் தன் பழைய மேசைக்கு வந்து உட்காருகிறாள். மேசைமேல் ஒரு கட்டு கோப்பு. ஒவ்வொன்றாக எடுத்து, "பாக்கலாம்" என்று சொல்லி அடியில் வைக்கிறாள். அப்படி அவள் வைத்த கோப்புகளெல்லாம் எந்தெந்த நிகழ்ச்சிகளை நிறுத்த வந்தவை என்று, அந்த நிகழ்ச்சிகளையே ஒவ்வொன்றாகக் காட்டுகிறோம். சைகையில் செய்தி வாசிக்கிறவர். கண்ணாடிக் குடுவையைப் பார்க்கிற குழந்தைகள். ஒத்திகையில் மேடமாக நடிப்பவள் அழுதுவிட்டாள். அவள் அழுதால் நகைச்சுவை எங்கே போவது என்று திட்டினேன். திட்டிவிட்டு நானும் போய் அழுதேன்.

முடிவில் கொஞ்சம் சிரிப்பு வேண்டுமே, அதனால் மேடம் விளக்கை அணைக்கப் போகும்போது, கண்ணாடியை மறந்துவிட்டோமே என்று மேசைக்குத் திரும்பி வந்து தேடுகிறாள். தலையில் இருக்கிறது. அதோடு முடிகிறது.

படித்துவிட்டுச் சொல்லுங்கள். திட்டினாலும் சரி.

உங்கள் வாலு


ஏப்ரல் 21

வாலுக்கு,

படித்தேன். உன் அண்ணன் எனக்கு முன்னாலேயே படித்துவிட்டு, கண்ணில் மருந்து பட்டுவிட்டது என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வரியும் மாற்ற வேண்டாம், அப்படியே எடு. அலமாரியிலிருந்து என் தண்ணீர்க் குவளையை எடுத்து அந்த நடிகைக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மேசைமேல் அது இல்லாமல் என் இடம் மாதிரி இருக்காது.

நீ இத்தனை உண்மை எழுதிய பிறகு நானும் ஒன்று சொல்லாமல் இருந்தால் நன்றாக இராது. கண்ணாடி தலையில் இருப்பது எனக்கு எப்போதும் தெரியும். கத்திக்கொண்டு வருகிறவர் எதிரில் ஒரு பொம்பளை கண்ணாடியைத் தேடினால், அவரும் சேர்ந்து தேட ஆரம்பிப்பார். தேடி முடிப்பதற்குள் பாதிக் கோபம் போய்விடும். சில பேர் வந்த வேலையையே மறந்துவிட்டு, கண்ணாடி கிடைத்த சந்தோஷத்தில் போய்விடுவார்கள்.

இதை மட்டும் தொடரில் வைத்துவிடாதே. எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

அண்ணி